சூர்யா பொனாலி உலகப் பட்டம் வெல்லாதது ஏன்?

பனித்தளத்தில் சறுக்கியபடி தாவியும் சுழன்றும் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் இத்தனை வல்லவரான பொனாலி ஏன் ஒருமுறையும் உலகப் பட்டம் பெறவில்லை என்று ஹட்டன் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம் வென்ற இந்தப் பிரெஞ்சு வீராங்கனை, 1993, 1994, 1995 உலகப் போட்டிகளில் வெள்ளியோடு நின்றார். தாவல்களில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆனால் நடுவர்கள் அதிகபட்சம் 6.0 புள்ளி இடும் அன்றைய முறையில் கலைநயத்துக்குத் தனிப் புள்ளி இருந்தது, அதை அவர்கள் பொனாலிக்குக் கை இறுக்கியே கொடுத்தார்கள் என்பது என் கருத்து. 1994இல் ஜப்பானின் யூக்கா சாட்டோவிடம் மயிரிழையில் தோற்றதும், அணிவித்த பதக்கத்தை மேடையிலேயே கழற்றினார். அதை அகங்காரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுவரெலியாவில் தேயிலைக் கொழுந்தின் மேல் படியும் உறைபனியை மட்டுமே கண்ட நமக்கு, 1998 நாகானோ ஒலிம்பிக்கில் அவர் செய்ததன் கடினம் எளிதில் பிடிபடாது: தடைசெய்யப்பட்டிருந்த பின்புறக் குட்டிக்கரணத்தை அடித்து, காலணியின் அடியில் சில மில்லிமீற்றர் அகலமே உள்ள ஒற்றைத் தகட்டில், ஒரே காலில் இறங்கினார். பத்தாம் இடமே கிடைத்தது. அத்துடன் போட்டிகளிலிருந்து விலகினார். அந்தத் தடை 2024இல்தான் நீக்கப்பட்டது.