பிஎஃப் பணம் வந்ததோட கணக்கு முடியலை

பேரணாம்பட்டு தோல் கம்பெனியில நாலு வருஷம் வேலை பார்த்துட்டு இருந்தப்பவே அக்கா வீட்டுக்காரர் தவறிட்டார், பிஎஃப் பணம் 61,000 வந்துச்சு, "அவ்வளவுதான்"னு கம்பெனியில சொல்லிட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க. இல்லைங்க சகோ, இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு.

வேலையில இருக்கும்போது இறந்தவருக்கு ஒரே ஒரு மாசம் பென்ஷன் சந்தா கட்டியிருந்தாலும் மனைவிக்கு மாதாமாதம் பென்ஷன் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். ரெண்டு பிள்ளைங்களுக்கும் 25 வயசு வரைக்கும் தனியா வரும்.

அடுத்தது இடிஎல்ஐ இன்சூரன்ஸ், அதாவது பிஎஃப்ல இருக்கிற தொழிலாளி வேலையில இருக்கும்போது இறந்தா குடும்பத்துக்குக் கிடைக்கிற காப்பீட்டுத் தொகை. இறக்குறதுக்கு முன்னாடி 12 மாசம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தா குறைந்தது 2.5 லட்சம். இதுக்கான பணத்தை முதலாளிதான் கட்டணும், தொழிலாளி சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க. சம்பளச் சீட்டுல கண்ணுல படாததால எத்தனையோ குடும்பம் கேட்காமலே விட்டுடுது. மனசு வலிக்குது.

பென்ஷனுக்கு 10டி, இன்சூரன்ஸுக்கு 5ஐஎஃப் படிவம். வேலூர் பிஎஃப் ஆபீசுல கொடுக்கணும். அதுக்கு முன்னாடி இறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, பேரை எழுத்து எழுத்தா சரிபாருங்க. எங்க சித்தி மனு, ஆங்கிலத்துல ஒரு 'எச்' கூடுதலா இருந்ததுக்கே ரெண்டு தடவை திரும்பி வந்துச்சு. எட்டு மாசம் போச்சு.

படிவத்துல கம்பெனி கையெழுத்துப் போட இழுத்தடிச்சா, பிஎஃப் ஆபீசுலயே புகாரா எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோங்க. அக்காவைத் தனியா அனுப்பாம கூடவே போங்க.