வெள்ளைச் சின்னானைக் கூண்டில் அடைக்கலாமா?

கேள்வி: எங்கள் காபித் தோட்டத்து வேலியோர உண்ணிப் புதருக்கு ஒரு வெள்ளைச் சின்னான் (புல்புல் பறவை) வந்துபோகிறது. உடம்பு முழுக்க வெள்ளை. கன்னத்திலும் வாலடியிலும் மட்டும் சிவப்பு. “இந்த நிறத்தோடு காட்டில் பிழைக்காது. வல்லூறு தூக்கிவிடும், மற்ற சின்னான்களே கொத்தித் துரத்தும். பிடித்து வளர்த்தால் புண்ணியம்” என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். சேலத்திலிருந்து ஒருவர் விலை பேசவும் வந்துவிட்டார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: விலை பேச வந்தவரை முதலில் திருப்பி அனுப்புங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவையை உயிரோடு பிடிப்பதையும் வேட்டை என்றே சொல்கிறது. வாங்குபவர் மட்டுமல்ல, பிடித்துக் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

அடுத்தது, பிழைக்காது என்ற பேச்சு. அதற்கான மறுப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கன்னத்தில் சிவப்பு உண்டு என்கிறீர்கள். அப்படியானால் அது சிவப்பு மீசைச் சின்னான். அந்த இனத்தின் இளம் பறவைக்கு அந்தச் சிவப்பு இருக்காது; வளர்ந்த பிறகே வரும். பூனை, பாம்பு, காக்கை, வல்லூறு எல்லாவற்றுக்கும் தப்பி, குஞ்சுப் பருவத்தைத் தாண்டிவிட்ட பறவை அது. சரியான நிறத்தோடு பிறந்த குஞ்சுகளிலேயே பாதி வழியில் மடிபவை ஏராளம். இதைப் பார்த்தா பிழைக்காது என்கிறார்கள்?

அந்தச் சிவப்பு வேறொன்றையும் சொல்கிறது. கருப்பும் பழுப்பும் பறவையின் உடலே உண்டாக்கும் மெலனின் நிறமியால் வருபவை. சின்னானின் சிவப்போ தின்னும் பழங்களிலிருந்து கிடைக்கும் கரோட்டினாய்டு நிறமியால் வருவது. உங்கள் பறவையிடம் இல்லாதது மெலனின் மட்டும். அது இறகில் மட்டும் இல்லையா, உடம்பு முழுவதிலுமே இல்லையா என்பதுதான் முக்கியம். பைனாகுலர் இருந்தால் கண்ணைப் பாருங்கள். கண் கருமையாக இருந்தால் குறை இறகோடு நின்றுவிட்டது, பார்வைக்குப் பழுதில்லை. கண் இளஞ்சிவப்பாக இருந்தால் அது அல்பினோ, அதாவது உடம்பு முழுவதிலுமே மெலனின் இல்லாத பறவை. அதற்கு வெயில் கூசும், தொலைவும் சரியாகத் தெரியாது. காட்டில் வளர்ந்த அல்பினோ பறவையைக் காண்பது அரிது என்பதற்குக் காரணம் வெண்மையைவிட இந்தப் பார்வைக் குறைதான்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் தனித்துத் தெரிவதை வேட்டைப் பறவை குறிவைப்பது எளிது. மெலனின் நிறம் மட்டும் தருவதில்லை, இறகை உறுதியாக்கவும் செய்கிறது. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரையைப் பார்த்திருப்பீர்கள்: உடல் வெள்ளை, பறக்க உதவும் சிறகுகள் மட்டும் கருப்பு. அதிகம் தேயும் இடத்தில் கருமை இருக்கிறது. முழு வெள்ளைச் சிறகு சீக்கிரம் நைந்துபோகும். அடுத்த இறகுதிர்ப்பு வரை அந்த நைந்த சிறகோடுதான் பறக்க வேண்டும். ஆனால் சின்னான் நெடுந்தொலைவு வலசை போகும் பறவை அல்ல. பழமும் பூச்சியும் நிறைந்த தோட்டத்தில், புதர் விட்டுப் புதர் தாவி வாழ்வது. சில்வர் ஓக் நிழலும் அடர்ந்த காபிச் செடிகளும் அதற்கு நல்ல மறைவு.

இனமே துரத்தும் என்பதையும் விதியாகக் கொள்ள வேண்டாம். நிறம் மாறிய பறவைகள் கொத்துப்படுவது உண்டு. இயல்பான நிறமுள்ள துணையோடு சேர்ந்து அவை குஞ்சு பொரித்ததும் பலமுறை பதிவாகியிருக்கிறது. அந்தக் குஞ்சுகள் பெரும்பாலும் வழக்கமான நிறத்திலேயே இருக்கும். இத்தகைய குறைகள் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அப்படியானால், நீங்கள் வழக்கமான சின்னான் என்று கடந்துபோகும் சில பறவைகளும் இந்த மரபணுவைச் சுமந்து திரியலாம்.

கூண்டில் அடைப்பவர் அந்தப் பறவையின் துணையையும் குஞ்சுகளையும் சேர்த்தே பறிக்கிறார். அதைப் புண்ணியம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது இது: உண்ணிப் புதரை இப்போதைக்கு வெட்டாதீர்கள். கூடு கட்டினால் அருகே போகாதீர்கள். படம் எடுத்தால் தோட்டத்தின் பெயரை வெளியிடாதீர்கள். பார்த்த தேதியைக் குறித்துவையுங்கள். இறகுதிர்த்த பின் முளைக்கும் இறகு என்ன நிறம் என்று பாருங்கள். சத்துக் குறைவாலோ நோயாலோ வெளுத்த இறகுக்குப் பதிலாகச் சில நேரம் கருப்பே திரும்ப முளைக்கும். பிறவிக் குறையென்றால் வெள்ளையே வரும். எது வந்தாலும் எங்களுக்கு எழுதுங்கள்.