வேலையை அளந்துவிட்டு ஆளை அளப்போம்: திறன் சோதனைகள் பற்றிய கேள்வி பதில்

நான் குன்னூர்க்காரி. தொழிற்சாலைகளிலும் எஸ்டேட்டுகளிலும் ஆள் எடுப்பதற்கான உளவியல் சோதனைகளை அமைப்பதும் நடத்துவதும் என் தொழில். நீலகிரி மாவட்டத்திலிருந்து நீங்கள் கேட்டவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கோத்தகிரி, டீ பேக்டரி சூப்பர்வைசர்: மேடம், தேயிலையை உலர்த்தும் டிரையர், தூளைச் சலிக்கும் மெஷின் வேலைகளுக்குப் புது ஆட்கள் எடுக்கிறோம். பாதிப் பேர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், தமிழ் தெரியாது. முதலாளி இணையத்தில் ஒரு ஐக்யூ டெஸ்ட் (பொது நுண்ணறிவுச் சோதனை) வாங்கியிருக்கிறார். 90-க்குக் கீழே வந்தால் வேண்டாம் என்கிறார். இது சரியா?

சரியில்லை. அந்த 90 எங்கிருந்து வந்தது என்று முதலாளியிடம் கேளுங்கள். டிரையர் வேலையைப் பார்த்து யாரும் அந்த எண்ணுக்கு வந்திருக்க மாட்டார்கள்.

முதலில் வேலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரையர்காரர் என்ன செய்கிறார்? வெப்பமானியைப் பார்க்கிறார். வெளியே வரும் தூளைக் கையில் எடுத்து உதிர்த்துப் பார்க்கிறார். தீய்ந்த வாசனை வந்தால் சட்டென்று கண்டுபிடிக்கிறார். மெஷின் சத்தம் மாறினால் திரும்பிப் பார்க்கிறார். நைட் ஷிப்டில் விடிகாலை மூன்று மணிக்கும் இதையெல்லாம் விடாமல் செய்கிறார். மூக்கு, தொடு உணர்வு, கவனம், பொறுப்பு எல்லாம் இதில் இருக்கின்றன. இணைய ஐக்யூ டெஸ்ட் இவற்றில் எதைத் தொடுகிறது?

வேலையைப் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல முறை இருக்கிறது. அமெரிக்க விமானப் படையின் உளவியல் பணியிலிருந்து வளர்ந்தது அது. 1954-இல் உளவியலாளர் ஜான் பிளானகன் அதை எழுதி வெளியிட்டார். அனுபவசாலிகளிடம் "நல்ல ஆள் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் 'நேர்மை, உழைப்பு' என்றுதான் சொல்வார்கள். "போன ஆறு மாதத்தில் ஒருத்தர் செய்த காரியத்தால் சரக்கு தப்பித்தது எப்போது? ஒருத்தர் செய்யாமல் விட்டதால் சரக்கு கெட்டது எப்போது? அப்போது அவர் என்னதான் செய்தார்?" என்று நடந்ததைக் கேளுங்கள். உங்கள் பழைய டிரையர்காரர்கள் நான்கைந்து பேரிடம் இப்படிச் சம்பவங்களைச் சேகரித்தாலே, எந்தத் திறன் சரக்கைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் டெஸ்ட் பற்றிப் பேச வேண்டும்.

மொழி தெரியாதவர்களை அளப்பது புதிய சிக்கல் இல்லை. 1917-இல் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்தபோது, படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்பா, தெரியாதவர்களுக்கும் ஆங்கிலம் அறியாதவர்களுக்கும் பீட்டா என்று இரண்டு சோதனைகள் வைத்தார்கள். பீட்டாவில் படங்களும் சைகைகளும்தான். நம் நாட்டில் 1955-இல் உளவியலாளர் பாட்டியா உருவாக்கிய செயல் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. கட்டைகளை அடுக்குவது, வடிவம் வரைவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது என்று பெரும்பாலும் கையால் செய்யும் ஐந்து சோதனைகள் கொண்டது. ஆனால் உங்களுக்கு அதுகூடத் தேவையில்லை. வேலையின் ஒரு துண்டையே சோதனையாக வையுங்கள். சரியாகக் காய்ந்தது, அரைகுறையாகக் காய்ந்தது, தீய்ந்தது என்று பல தட்டுகளில் தூளை வைத்து, அடையாளம் இல்லாமல் பிரிக்கச் சொல்லுங்கள். எப்படி என்று முதலில் ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள். இதற்குத் தமிழும் வேண்டாம், இந்தியும் வேண்டாம்.

ஊட்டி, பி.எஸ்சி. மாணவர்: ரயில்வே உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) தேர்வில் கம்ப்யூட்டர் திறனறி சோதனை இருக்கிறது. 42 எடுத்தால் பாஸ் என்கிறார்கள். நூற்றுக்கு 42 என்றால் சுலபம்தானே மேடம்?

தம்பி, அது நூற்றுக்கு 42 இல்லை. டி-ஸ்கோர் 42. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் அலட்சியமாகப் போய்விடுகிறார்கள்.

டி-ஸ்கோர் மற்றவர்களோடு ஒப்பிட்டு உன்னை வைக்கும் அளவு. ஒப்பிடும் கூட்டத்தின் சராசரி எப்போதும் 50. மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிப் பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்டவிலக்கம். சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கம் மேலே போனால் 60, கீழே வந்தால் 40. அப்படியானால் 42 என்பது சராசரிக்குச் சற்றே கீழே. மதிப்பெண்கள் வழக்கமான மணி வடிவத்தில் பரவியிருந்தால் நூறு பேரில் சுமார் 21 பேர் அதற்குக் கீழே நிற்பார்கள். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைவாற்றல், சொன்னபடி செய்தல், ஆழத்தை உணர்தல், கவனக் குவிப்பு, பார்த்தறியும் வேகம் என்ற ஐந்திலும் தனித்தனியாக 42 வேண்டும். நான்கில் 65 எடுத்து ஒன்றில் 40 எடுத்தால் வெளியேதான். ஆகவே நன்றாக வருவதையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்யாதே. எது உனக்கு இடறுகிறதோ அதில் நேரம் போடு. கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வருவது வழக்கம். அறிவிக்கையில் அதைப் பார்த்து, அந்தச் சொற்களுக்கு இப்போதே பழகிக்கொள்.

ஐந்திலும் தனித்தனியாக ஏன் என்று கேட்கலாம். நம் மலை ரயிலையே பார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் பெட்டி மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்குக்கு ஒருவர். பல் சக்கரத் தண்டவாளம், 12-க்கு 1 ஏற்றம். அங்கே ஒருவருக்கு அபாரமான நினைவாற்றல் இருக்கிறது என்பதற்காக அவருடைய கவனச் சிதறலைப் பொறுத்துக்கொள்ள முடியுமா? சில வேலைகளில் ஒரு திறனின் குறையை இன்னொன்று ஈடுகட்டாது. சில வேலைகளில் ஈடுகட்டும். எந்த வேலை எந்த வகை என்று தெரியாமல் எல்லா மதிப்பெண்ணையும் கூட்டிப் போடுவது தவறு.

கவனம் பற்றி இன்னொன்று. 1948-இல் உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் இங்கிலாந்தில் ஒரு கடிகார முள்ளை வைத்து இதைச் சோதித்தார். முள் எப்போதாவது இரட்டைத் தாவலாகத் தாவும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு நல்ல ஆட்களுக்கே பிடிபடுவது குறைந்தது. ஆகவே ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலும் ஓய்வு கொடுக்காவிட்டால் பயன் இல்லை. இது டிரையர் கேள்வி கேட்ட கோத்தகிரிக்காரருக்கும் பொருந்தும்.

கூடலூர், ஒரு தாய்: ஸ்கூலுக்கு ஒரு கம்பெனி வந்து பத்து விரல் ரேகையை ஸ்கேன் செய்தார்கள். என் மகளுக்கு 'கணித மூளை குறைவு, இசை மூளை அதிகம்' என்று ரிப்போர்ட் வந்தது. குரூப் மாற்றலாமா அம்மா?

மாற்றாதீர்கள். அந்த ரிப்போர்ட்டை ஒதுக்கி வையுங்கள், மகளிடமும் அது பொய் என்று சொல்லிவிடுங்கள். விரல் ரேகை கருவில் ஆறாம் மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. கணக்குத் திறனுக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக எந்த நம்பகமான ஆய்வும் காட்டவில்லை. இதனால் எனக்கு வரும் கோபம் கொஞ்சமில்லை, ஏனென்றால் 'உனக்குக் கணக்கு வராது' என்று ஒரு கம்ப்யூட்டர் தாள் சொன்னதை ஒரு பதிமூன்று வயதுப் பெண் நம்பிவிடுவாள்.

உண்மையான திறனறி சோதனையில் குழந்தை ஏதாவது செய்ய வேண்டும். கணக்குப் போட வேண்டும், வடிவத்தை மனதில் திருப்பிப் பார்க்க வேண்டும், சொற்களுக்கு இடையிலான உறவைக் கண்டுபிடிக்க வேண்டும். எதையும் செய்யாமலே திறன் தெரியும் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

குன்னூர், தேயிலை வியாபாரி: கையெழுத்தை வைத்து ஆளைக் கணிக்கலாமா?

முடியாது. 1998-இல் ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் ஆள் தேர்வு முறைகள் பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தபோது, கையெழுத்துக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.02 என்று வந்தது (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). அதாவது ஒன்றுமே இல்லை.

அதே வியாபாரி: சரி, நேரில் பத்து நிமிஷம் பேசினால் எனக்கு ஆள் தெரிந்துவிடும். டெஸ்ட் எதற்கு?

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒருவரிடம் ஊரைப் பற்றியும் இன்னொருவரிடம் கணக்கைப் பற்றியும் கேட்டுவிட்டு இருவரையும் எப்படி ஒப்பிடுவீர்கள்? எல்லோரிடமும் அதே கேள்விகள், வேலையிலிருந்து எடுத்த கேள்விகள், முன்கூட்டியே எழுதிய மதிப்பெண் முறை. இப்படி நடத்தினால் நேர்முகத் தேர்வு மிகச் சிறந்த கருவி. 2022-இல் சாக்கெட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அந்தப் பழைய கணக்குகளைத் திருத்தியபோது, ஆள் தேர்வு முறைகளின் பட்டியலில் முதலிடம் வந்தது இதற்குத்தான், 0.42. பொது நுண்ணறிவுச் சோதனை 0.51-இலிருந்து 0.31-க்கு இறங்கியது.

குன்னூர், இன்னொரு வியாபாரி: என் மகன் டீ டேஸ்டர் ஆக ஆசைப்படுகிறான். நாக்கை அளக்க வழி உண்டா?

உண்டு, வீட்டிலேயே செய்யலாம். மூன்று கப் வையுங்கள், இரண்டில் ஒரே டீ, ஒன்றில் வேறு. எது வேறு என்று அவன் சொல்ல வேண்டும். அளவு மாறக் கூடாது: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாக வரும். ஆகவே 12 முறை வைத்தால் 8 முறையாவது சரியாகச் சொன்னால்தான் அதை அதிர்ஷ்டம் இல்லை என்று கொள்ளலாம். வைக்கிற வரிசையை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். சளி பிடித்த நாளில் வேண்டாம், ருசியில் பெரும்பங்கு மூக்கினுடையது.

வித்தியாசம் கண்டுபிடிப்பது வேறு, அதற்கு விலை சொல்வது வேறு. இரண்டாவது தேயிலை ஏலங்களில் வருடக்கணக்கில் பழகிக் கற்பது.

பந்தலூர், ஆரம்பப் பள்ளி ஆசிரியை: எங்கள் பள்ளியில் ஒரு பணியர் பழங்குடிக் குழந்தைக்கு ஐக்யூ 68 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை கடைக்குப் போய் மீதிச் சில்லறை சரியாக வாங்கி வருகிறது, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறது. எனக்கு நம்ப முடியவில்லை.

உங்கள் சந்தேகம் சரியானது டீச்சர். அந்தக் குழந்தைக்கு வீட்டு மொழி பணிய மொழி. சோதனை எந்த மொழியில் நடந்தது? நடத்தியவர் அன்றுதான் முதல்முறை பார்த்த அந்நியரா? நேரம் வைத்த சோதனையா? எந்த ஊர்க் குழந்தைகளை வைத்து அந்தச் சராசரி போடப்பட்டது? இந்த நான்கையும் எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தாலும் 68 என்பது ஒரு புள்ளி இல்லை. நம்பகத்தன்மை (மறுபடி வைத்தாலும் மதிப்பெண் எவ்வளவு மாறாமல் நிற்கிறது என்ற அளவு, அதிகபட்சம் 1) 0.90 உள்ள நல்ல சோதனையிலேயே முன்னும் பின்னும் 9 புள்ளி தள்ளாட்டம் உண்டு. 59 முதல் 77 வரை எங்கேயும் இருக்கலாம். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று சொல்ல மதிப்பெண் மட்டும் போதவும் போதாது, அன்றாட வாழ்வில் குழந்தை எப்படிச் சமாளிக்கிறது என்றும் அளந்தாக வேண்டும். வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல் அதற்காகவே இருக்கிறது. மீதிச் சில்லறையும் தம்பி தங்கையும் அதில்தான் பதிவாகும். மறுபரிசோதனை கேளுங்கள், குழந்தையின் மொழி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

1905-இல் ஆல்பிரட் பினேயும் சிமோனும் பாரிஸில் முதல் நுண்ணறிவு அளவுகோலை உருவாக்கியது, எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். ஒதுக்கி வைக்க அல்ல.

குன்னூர் பக்கம், எஸ்டேட் பெண் தொழிலாளி (மகள் எழுதிக் கேட்டது): அம்மா கொழுந்து எடுக்கிறார். மருந்து அடிக்கும், மூட்டை தூக்கும் ஆண்களின் வேலைதான் 'கனமான வேலை' என்கிறார்கள். வேலையை அளக்க முடியுமென்றால் இதையும் அளக்க முடியுமா?

முடியும். இத்தனை கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இங்கே அளக்கப்படுவது ஆள் இல்லை, வேலை. புள்ளி முறை என்று ஒன்று உண்டு: திறமை, உழைப்பு, பொறுப்பு, வேலைச் சூழல் என்று நான்கு தலைப்பில் ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். எந்தத் தலைப்புக்கு எவ்வளவு எடை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. 50 கிலோ மூட்டையை ஒருமுறை தூக்குவதற்குப் புள்ளி எழுதுகிறவர், நாள் முழுக்கச் சரிவில் நின்று, இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் பார்த்து, இரண்டு கையாலும் ஒரே வேகத்தில் பறித்து, முதுகில் கூடி வரும் பாரத்தையும் சுமப்பதற்கு என்ன எழுதுகிறார்? பல இடங்களில் 'சாதாரண வேலை' என்று ஒரு வரிதான். விரல் நுணுக்கம் பெண்களுக்குப் பிறவியிலேயே வருவதாக நினைத்து அதைத் திறமைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஆனால் விரல் நுணுக்கம் அளக்கக்கூடிய திறன். ஜான்சன் ஓ'கானர் 1920-களில் ஜெனரல் எலக்ட்ரிக் தொழிற்சாலையில் சிறு ஊசிகளைத் துளைகளில் போடச் சொல்லி அதை அளந்தார். அந்தத் தொழிற்சாலை அதற்கு மதிப்புக் கொடுத்ததால்தான் அளந்தது.

சமமதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற 1951-ஆம் வருட சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 1958-இல் ஏற்றது. நம் 1976-ஆம் வருட சம ஊதியச் சட்டம் 'ஒத்த தன்மையுள்ள வேலை' என்று பேசியது. சங்கத்தில் பேசும்போது, வேலை மதிப்பீட்டுக் குழுவில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த வேலையைச் செய்தவர் மேசையில் இல்லாவிட்டால் அதன் பாதி காகிதத்தில் ஏறாது.

அருவங்காடு, இளைஞர்: ராணுவ அதிகாரித் தேர்வில் படம் பார்த்துக் கதை எழுத வேண்டும். கோச்சிங்கில் தயார்க் கதைகள் கொடுக்கிறார்கள். மனப்பாடம் செய்யட்டுமா?

வேண்டாம். 12 கதை (ஒன்று வெற்றுத்தாளுக்கு), 60 சொற்களுக்கு வாக்கியம், 60 சூழ்நிலைகளுக்குப் பதில் என்று எழுதுகிறீர்கள். எல்லாவற்றிலும் வேஷம் போட முடியாது. உளவியலாளர், குழுப் பணியைப் பார்ப்பவர், நேர்காணல் செய்பவர் என்று மூவர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். கதையில் வெள்ளத்தில் குதித்துப் பத்துப் பேரைக் காப்பாற்றியவர், மைதானத்தில் பலகையைத் தூக்க ஒரு கை கொடுக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். வேகமாக எழுதப் பழகுங்கள், அது மட்டும் போதும்.

கோத்தகிரி சூப்பர்வைசர் மறுபடியும்: மேடம், நீங்கள் சொன்ன தட்டுச் சோதனைக்கு முதலாளி சம்மதித்துவிட்டார். அப்படியே ஒருநாள் முழுக்க டிரையரில் வேலை செய்ய வைத்தும் பார்க்கலாம் என்கிறார். அன்றைக்குக் கூலி கொடுக்க வேண்டுமா?

கண்டிப்பாக. தட்டுச் சோதனைக்கு அரைமணி நேரம் போதும், அது சோதனை. ஒருநாள் முழுக்க டிரையர் ஓட்டினால் அது வேலை, முழுக் கூலி கொடுங்கள். முதல் நாள் மெஷின் பக்கத்தில் பழைய ஆள் ஒருவர் நிற்கட்டும். தேர்ந்தெடுத்தவர்களின் தட்டு மதிப்பெண்ணைப் பத்திரமாக எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்பதோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சோதனையை மாற்றுவோம், எனக்கு எழுதுங்கள்.