வேறு வேறு பண்பாட்டைச் சேர்ந்தவர்களோடு வேலை செய்யும்போது தெளிவாகப் பேசுவது எப்படி?

யாரிடம் கைகுலுக்கலாம், யாரிடம் கூடாது என்ற பட்டியல்களை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அதில் தவறினால் பெரும்பாலும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். வேலை கெடுவது கெட்ட செய்தி சொல்லும் இடத்தில்தான். 'முடியாது', 'தாமதமாகும்', 'இது சரிவராது' என்பதையெல்லாம் யாரிடம், எப்படிச் சொல்வது என்பது ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுகிறது.

சில பண்பாடுகளில் செய்தி முழுக்கச் சொல்லிலேயே இருக்கும். சிலவற்றில் யாருக்கு முன்னால் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதிலும் பாதி இருக்கும் என்று மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் எழுதினார். 'கொஞ்சம் சிரமம், பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால், முதல் வகைக்காரர் வேலை நடக்கும் என்று நம்பிப் போய்விடுவார். சொன்னவரோ மறுத்தாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்.

அதனால் நான் கேள்வியையே மாற்றிவிடுவேன். எல்லோரும் இருக்கும் மீட்டிங்கில் 'வெள்ளிக்குள் முடியுமா?' என்றால், மேலதிகாரியை மறுத்துப் பேசிப் பழகாதவர் 'முடியும்' என்றுதான் சொல்வார். அதையே தனியாக, 'இன்னும் யாரிடமிருந்து என்ன வரவேண்டியிருக்கிறது? எது தள்ளிப்போகலாம்?' என்று கேட்டால் உண்மை நிலவரம் வந்துவிடும். ஜப்பானிய நிறுவனங்களில் இதை நெமவாஷி என்ற பெயரில் ஒரு நடைமுறையாகவே வைத்திருக்கிறார்கள்: மீட்டிங்குக்கு முன்பே சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசி, ஆட்சேபணைகளைக் கேட்டுச் சரிசெய்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இழுத்தடிப்பது மாதிரி இருக்கும். எனக்கு இது மிகவும் பிடித்த முறை.

முகத்துக்கு நேரே 'இந்தத் திட்டம் சரியில்லை' என்பவர்களும் உண்டு. சுருக்கென்றுதான் இருக்கும். 'எந்தப் பகுதி?' என்று கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

அப்புறம், நாட்டை வைத்து ஆளை முடிவுகட்ட வேண்டாம். ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் நடத்திய கருத்தாய்வுகளை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டு ஒப்பிட்ட டச்சு ஆய்வாளர் ஹாஃப்ஸ்டீடே, அந்த மதிப்பெண்கள் தனிமனிதருக்குப் பொருந்தாது என்று எச்சரித்தார். ஜப்பானியர்கள் யோசித்து நிதானமாகப் பதில் சொல்பவர்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு, இல்லையா? ஆம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் வரும் வேகத்தை 10 மொழிகளில் அளந்த 2009 ஆய்வில் சராசரியாக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில். மெதுவாக வந்தது டேனிஷ் மொழியில். வித்தியாசமும் அரை நொடிக்குள்தான்.

தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். சிலருக்கு அது ஏப்ரல் 3, அமெரிக்கர்களுக்கு மார்ச் 4. மேலே சொன்ன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், சவூதியில் அது வார விடுமுறை.

மீட்டிங் முடிந்ததும் யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். கடைசியில் 'திருத்தம் இருந்தால் எனக்கு மட்டும் அனுப்பினால் போதும்' என்று சேர்த்துவிடுங்கள். மீட்டிங்கில் வாயே திறக்காதவர்களிடமிருந்து பதில் வருவது பெரும்பாலும் அந்த வரிக்குத்தான்.