வால்ட்வார்டன் (நம் சொந்த மெஷினில் ஓட்டும் பாஸ்வேர்டு மேனேஜர் சர்வர்): வாசகர் கேள்விகள்

கே: பிராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெஷினில் பல தனித்தனி சிஸ்டங்களை ஓட்டும் மென்பொருள்) கன்டெய்னரில் வால்ட்வார்டனுக்கு எவ்வளவு ரேம் ஒதுக்கலாம்? 2 ஜிபி வேண்டும் என்கிறார்களே?

ப: 512 எம்பி தாராளம். 2 ஜிபி கேட்பது பிட்வார்டனின் சொந்த சர்வர். வால்ட்வார்டன் ரஸ்ட் மொழியில் எழுதிய வேறு சர்வர்; பிட்வார்டன் ஆப் மட்டும்தான் இரண்டுக்கும் பொது.

கே: எல்எக்ஸ்சிக்குள் (அதாவது பிராக்ஸ்மாக்ஸ் கன்டெய்னருக்குள்) வால்ட்வார்டனை ஓட்ட வேண்டிய டாக்கர் ஓடவில்லை. என்ன செய்ய?

ப: எர்ரர் என்னவென்று எழுதவில்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. கன்டெய்னரின் ஆப்ஷன்ஸில் டாக்கருக்கு வேண்டிய நெஸ்டிங், கீசிடிஎல் என்ற இரண்டு அனுமதிகளும் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள். கன்டெய்னரைப் பிரிவிலேஜ்டாக (உள்ளே இருக்கும் ரூட்டே ஹோஸ்ட்டின் ரூட்டாக) மாற்றச் சொல்லி யாராவது வழிகாட்டினால் காதில் வாங்காதீர்கள்.

கே: ஐபி முகவரியில் பக்கம் திறக்கிறது, கணக்கு தொடங்க முடியவில்லை.

ப: எச்டிடிபிஎஸ் இல்லை, அவ்வளவுதான். அது இல்லாமல் பிரவுசர் தன் கிரிப்டோ வசதியைத் தராது. முன்னால் கேடி (Caddy) என்ற வெப் சர்வரை வைத்து, டொமைன் உங்களுடையது என்று டிஎன்எஸ் பதிவிலேயே காட்டும் டிஎன்எஸ் சேலஞ்ச் வழியாக லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வாங்குங்கள். அதற்காக 80, 443 போர்ட் எதையும் வெளியே திறக்க வேண்டாம். வெளியூரில் இருந்தால் வயர்கார்டு விபிஎன் வழியாக வாருங்கள்.

கே: டேட்டா ஃபோல்டரை ஹோஸ்ட்டிலிருந்து பைண்ட் மவுண்ட் செய்திருக்கிறேன் (ஃபோல்டர் ஹோஸ்ட்டில், கன்டெய்னருக்குள்ளும் தெரியும்). பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் தினமும் ஓடுகிறது. போதும்தானே?

ப: போதாது. மாதத்துக்கு நாலு பேராவது இதையே கேட்கிறீர்கள். பேக்கப் லாகை ஒருமுறையாவது திறந்து படித்தீர்களா? பைண்ட் மவுண்டை விட்டுவிட்டேன் என்று அதிலேயே ஒரு வரி இருக்கும். கடைசியில் ஓகே வந்ததைப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். எடுத்து வைத்ததெல்லாம் கன்டெய்னரில் இருக்கும் டெபியன் ஓஎஸ்தான். பாஸ்வேர்டு ஒன்றுகூட அதில் இல்லை.

பாஸ்வேர்டுகள் இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸ் கோப்பை, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிபி (cp) கட்டளை போட்டு எடுப்பதும் ஆபத்து. கடைசியாக எழுதியது பக்கத்தில் இருக்கும் WAL என்ற தனிக் கோப்பில் தங்கியிருக்கலாம். எஸ்கியூலைட்டின் பேக்கப் கட்டளையே இருக்கிறது, அதைக் கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) போடுங்கள். கூடவே அட்டாச்மென்ட்ஸ் ஃபோல்டர், கான்ஃபிக் கோப்பு, ஆர்எஸ்ஏ சாவிக் கோப்பு. எல்லாவற்றையும் வேறு மெஷினுக்கு அனுப்புங்கள். அதே டிஸ்க்கில் வைத்தால் டிஸ்க் போகும்போது இரண்டும் சேர்ந்து போகும். அப்புறம், புதிதாக ஒரு கன்டெய்னர் கிளப்பி அந்தப் பேக்கப்பை ஏற்றி லாகின் செய்து பாருங்கள். அரை மணி நேர வேலை. செய்யாதவர்கள் பேக்கப் இருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கே: மாஸ்டர் பாஸ்வேர்டு மறந்துவிட்டது. அட்மின் பக்கத்தில் ரீசெட் செய்யலாமா?

ப: முடியாது. போனில் விரல்ரேகைக்குத் திறக்கிறதென்றால் இன்றைக்கே ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் அதே பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

கே: அட்மின் டோக்கனை (அட்மின் பக்கத்தின் கடவுச்சொல்) ஆர்கான்2 ஹாஷாக, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவமாக, மாற்றி டாக்கர் கம்போஸ் அமைப்புக் கோப்பில் போட்டேன். டோக்கன் தவறு என்கிறது.

ப: ஹாஷில் வரும் ஒவ்வொரு டாலர் குறியையும் இரண்டிரண்டாகப் போடுங்கள், ஒற்றை டாலரைக் கம்போஸ் வேரியபிள் என்று எடுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் முதல் வேலையாகப் புதுக் கணக்குப் பதிவை நிறுத்துங்கள். எர்ரரையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், நன்றி.