கிருமிக்கு எப்படித் தெரிகிறது?

அன்புள்ள சார்,

நோய்க்கிருமிகள் பல, உடலுக்குள் வந்த பிறகுதான் நோய் உண்டாக்கும் மரபணுக்களை இயக்குகின்றன என்று எழுதியிருந்தீர்கள். மூளையோ நரம்போ இல்லாத ஒற்றைச் செல்லுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது எப்படித் தெரியும்? எப்போதும் ஆயுதத்தோடு தயாராக இருந்துவிட்டால் அதற்கு இன்னும் வசதிதானே?

க.

அன்புள்ள க.,

இரண்டாவது கேள்விக்குப் பதில் சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வசதி இல்லை. நச்சுப் புரதம் செய்ய ஆற்றல் செலவாகும். மண்ணிலோ நீரிலோ கிடக்கும்போதும் அதைச் செய்துகொண்டிருக்கும் பாக்டீரியா, செய்யாத பக்கத்து பாக்டீரியாவைவிட மெதுவாகப் பெருகி, எண்ணிக்கையில் தோற்றுப்போகும்.

முதல் கேள்விக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவைப் பாருங்கள். மண்ணில் வாழும், உணவோடு குடலுக்கு வரும், அங்கே நம் செல்களுக்குள்ளேயே புகுந்துவிடும். அதன் தாக்குதல் மரபணுக்களில் முக்கியமானவற்றை இயக்குவது பிஆர்எஃப்ஏ என்ற ஒரு புரதம். அந்தப் புரதத்துக்கான செய்தி ஆர்என்ஏ, அதாவது மரபணுவிலிருந்து எடுத்த செய்முறைப் பிரதி, வெளியே குளிரில் இருக்கும்போதும் தயாராகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் முன்பகுதி தன்மேலேயே மடங்கி, புரதம் செய்யும் இயந்திரமான ரைபோசோம் வந்து உட்கார வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டிருக்கும். 30 டிகிரி செல்சியஸில் மடிப்பு பிரியாது. நம் உடல் வெப்பமான 37 டிகிரியில் பிரிந்துவிடும், இடம் திறக்கும், புரதம் உருவாகத் தொடங்கும். 2002-ல் பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் பாஸ்கல் கோசாரின் குழு இதை வெளியிட்டது. தனியாக ஓர் உணரி உறுப்பே கிடையாது, செய்தியே வெப்பமானியாகவும் இருக்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

வெப்பம் ஒரு தடயம்தான். டிப்தீரியா கிருமி இரும்பைப் பார்க்கிறது. நம் உடல் இரும்பைப் புரதங்களில் பூட்டி வைத்திருப்பதால் கிருமிக்கு அது எளிதில் கிடைக்காது. இரும்பு இருக்கும்வரை நச்சு மரபணுவின்மேல் உட்கார்ந்து அதை அடக்கிவைக்கும் புரதம், இரும்பு தீர்ந்ததும் நழுவிவிடுகிறது. இதில் ஒரு விசேஷம், அந்த நச்சு மரபணு கிருமியின் சொந்தச் சொத்தே இல்லை, ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்தது. அடக்கும் புரதம் மட்டும் கிருமியுடையது. அப்புறம் சால்மோனெல்லா, நம் வெள்ளணு அதை விழுங்கிக் கொல்லப் பார்க்கும்போது பாய்ச்சும் அமிலத்தையே அடையாளமாக எடுத்துக்கொண்டு, தன் தற்காப்பு மரபணுக்களை இயக்கிவிடுகிறது.

கூட்டம் சேர்ந்ததும் தாக்கும் கிருமிகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு செல்லும் சிறு மூலக்கூறுகளை வெளியே விட்டுக்கொண்டிருக்கும், அவற்றின் அடர்த்தி ஏறினால் ஆள் பெருகிவிட்டது என்று அர்த்தம். காலரா கிருமி இதை நேர்மாறாகச் செய்கிறது. ஆள் குறைவாக இருக்கும்போது நச்சைச் சுரக்கிறது, பெருகியதும் நச்சையும் குடலில் ஒட்டிக்கொள்ளும் இழைகளையும் நிறுத்திவிட்டு, பிடியைத் தளர்த்தும் ஒரு நொதியைச் செய்கிறது. பேதியோடு வெளியேறி அடுத்த நீர்நிலைக்குப் போவதற்கு இந்த ஏற்பாடு சரியாகப் பொருந்துகிறது.

இதையெல்லாம் கிருமியின் தந்திரம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மூலக்கூறு மடங்குகிறது, நழுவுகிறது, ஒட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அதை நாமும் தடுக்க முடியும். காலரா கிருமியின் நச்சையும் இழைகளையும் இயக்கும் டாக்ஸ்-டி என்ற புரதத்தை முடக்கும் விர்ஸ்டாட்டின் என்ற மூலக்கூறைப் பற்றி 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. அது கிருமியைக் கொல்வதில்லை, ஆனால் எலிக்குட்டிகளின் குடலில் அதைக் காலூன்ற விடவில்லை. மருந்தாக வருவதற்கு இன்னும் தூரம் இருக்கிறது, ஆனால் ஆன்டிபயாடிக்குகள் ஒவ்வொன்றாகப் பலனிழந்துவரும் நேரத்தில் இந்த வழியில் இன்னும் நிறையப் பேர் வேலை செய்ய வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.