எஃப்எம் ரேடியோல 92.3 வீடு வரைக்கும் வருது, 102.3 ஏன் பாதி வழியில கரகரங்குது?

கேள்வி: வேலை லாஸ் ஏஞ்சலஸ்ல, வீடு இர்வைன்ல. சாயங்காலம் கார்ல ஹிப்ஹாப், ஆர் அண்ட் பி கேட்டுக்கிட்டே வருவேன். 92.3 வீடு வரைக்கும் தெளிவா வருது, ஆனா 102.3ம் 93.5ம் பாதி வழியிலயே கரகரன்னு ஆயிடுது. என் ரேடியோல கோளாறா, இல்ல அவங்க பவரை ஏத்த மாட்டேங்கிறாங்களா? நான் என்ன பண்ணலாம்?

பதில்: உங்க ரேடியோ நல்லாத்தான் இருக்கு, ஆன்டெனா மாத்துறேன்னு காசை விட்றாதீங்க. அந்த ஸ்டேஷன்காரங்க மேலயும் தப்பு இல்ல, அவங்க நெனச்சா கூட பவரை ஏத்த முடியாது. அமெரிக்காவுல எஃப்எம் லைசன்ஸுக்கு கிளாஸ் உண்டு. 102.3 கேஜேஎல்எச், 93.5 கேடே ரெண்டுமே கிளாஸ் ஏ, அதாவது 100 மீட்டர் உயர ஆன்டெனாவுல அதிகபட்சம் 6 கிலோவாட், அதுக்கு கணக்குப்படி நல்லா கேக்குற தூரம் சுமார் 28 கிலோமீட்டர். கிளாஸ் பி-க்கு அதே கணக்கு சுமார் 52 கிலோமீட்டர். 92.3 கிளாஸ் பி, அதுலயும் மவுன்ட் வில்சன் மலை உச்சியில 40 கிலோவாட்டுக்கு மேல வச்சு அடிக்குது, இன்னைக்கு புதுசா அந்த உயரத்துல அவ்ளோ பவர் கேட்டா எஃப்சிசி (ரேடியோ லைசன்ஸ் குடுக்குற அமெரிக்க அரசு அமைப்பு) குடுக்காது, ரூல் வர்றதுக்கு முன்னாடியே இருந்ததால விட்டு வச்சிருக்காங்க. 93.5 பவரை ஏத்தணும்னு பாத்தா ரெண்டு பக்கமும் 93.1, 93.9 இதே ஊர்ல உக்காந்திருக்கு, தெக்க சான் டியாகோவுல 93.3 வேற, ஏத்தினா பக்கத்து நம்பரோட மோதும். நீங்க இர்வைன் பக்கம் போகப் போக அந்த 93.3க்கு கிட்ட போறீங்க, அதான் அங்க நெலமை இன்னும் மோசமாகுது.

இது டெக்னிக்கல் பாதி. மீதி பாதி பணம். ஒரு கம்பெனிகிட்ட ஒரே ஊர்ல நாலஞ்சு லைசன்ஸ் இருந்தா (1996 சட்டப்படி பெரிய ஊர்ல எட்டு வரை வச்சுக்கலாம், அதுல எஃப்எம் அஞ்சு), எந்த ஃபார்மட்டை (அதாவது எந்த வகை பாட்டு, நிகழ்ச்சி) எந்த சிக்னல்ல போடுறதுங்கிறது அவங்க முடிவு. பலமான சிக்னலை இந்த தொழில்ல பெரிய ஸ்டிக்னு சொல்லுவாங்க. அந்த பெரிய ஸ்டிக் புறநகர் வரைக்கும் போகும், விளம்பரக்காரன் அதுக்குத்தான் கூட காசு குடுப்பான், அதனால புறநகர்ல விக்கிற ஃபார்மட்டுக்கு அதைக் குடுத்துட்டு, கறுப்பின மக்கள் கேக்குற அர்பன் ஃபார்மட்டை சின்ன ஸ்டிக்ல வச்சிருவாங்க. அவங்க சொல்ற கணக்கு, அர்பன் கேக்குறவங்க ஊருக்குள்ள ஒரே பக்கமா சேர்ந்து இருக்காங்க, விசுவாசமாவும் கேப்பாங்க, சின்ன சிக்னலே போதும்னு. கேக்க நியாயமா இருக்கும், ஆனா அது பாதிதான் உண்மை. சில விளம்பர கம்பெனிங்க அர்பன் ஸ்டேஷனுக்கே விளம்பரம் வேண்டாம்னு உத்தரவு போட்டு வச்சிருந்தாங்க, நோ அர்பன் டிக்டேட்னு அதுக்கு பேரே உண்டு, 1999ல எஃப்சிசிக்காக செஞ்ச ஆய்வுல இது வெளிச்சத்துக்கு வந்துச்சு. எத்தனை பேர் கேட்டாலும் வருமானம் கம்மியா வர்ற மாதிரி வச்சிட்டு, வருமானம் கம்மி அதனால சின்ன ஸ்டிக் போதும்னு சொல்றது எனக்கு ஒப்பல.

உங்க 92.3 கதையே இதுக்கு நல்ல உதாரணம். 90கள்ல 'தி பீட்'ங்கிற அர்பன் ஸ்டேஷன் இருந்தது அதே 92.3ல தான். 2000ல கிளியர் சேனல், ஏஎம்எஃப்எம் கம்பெனியை வாங்கினப்போ ஓனர்ஷிப் வரம்பு தாண்டுது, கொஞ்சம் ஸ்டேஷனை வித்தாகணும். அப்ப என்ன பண்ணாங்கன்னா, பீட்டை 100.3க்கு மாத்தி, அங்க ஓடிட்டிருந்த பழைய ஆர் அண்ட் பி பாட்டு ஸ்டேஷனை 92.3க்கு கொண்டு வந்து, 100.3ஐ ரேடியோ ஒன் கம்பெனிக்கு வித்தாங்க. ரேடியோ ஒன் கறுப்பினத்தவர் நடத்துற கம்பெனி. 100.3ம் அதே மலை மேல தான், ஆனா பவர் சுமார் 5 கிலோவாட், அதாவது 92.3ல எட்டுல ஒரு பங்கு. ஆக வாங்கினவங்களுக்கு பேரும் ஆளுங்களும் கெடச்சுது, பெரிய ஸ்டிக் வித்தவன் கையிலயே தங்கிடுச்சு. மலை உயரத்தால ஊரு பூரா எட்டத்தான் செய்யும், ஆனா கட்டடத்துக்குள்ள, மேட்டுக்குப் பின்னாடி எல்லாம் அந்த வித்தியாசம் காட்டிரும். ரேடியோ ஒன் 2008ல 100.3ஐ வித்துட்டு எல்ஏவ (லாஸ் ஏஞ்சலஸ்) விட்டே போயிட்டாங்க. சிக்னல் ஒன்னுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு கையை கட்டிட்டு மல்லுக்கு எறக்கின மாதிரிதான்.

அப்புறம் 2015ல என்ன ஆச்சு தெரியுமா, அதே 92.3ல அதே கம்பெனி (பேரு ஐஹார்ட்னு மாறியிருந்துச்சு) ஹிப்ஹாப் போட்டாங்க, நீங்க இப்ப கேக்குற ரியல் 92.3 அதுதான். 105.9 பவர் 106 அந்த மார்க்கெட்டை கிட்டத்தட்ட தனியா பிடிச்சு வச்சிருந்ததால அதோட மோதத்தான் எறங்கினாங்க, அங்க காலை ஷோ நடத்திட்டிருந்த பிக் பாயையே கூட்டிட்டு வந்துட்டாங்க. காசு இருக்குன்னு தெரிஞ்சா பெரிய ஸ்டிக் தானா வருது பாருங்க.

எல்லா ஊர்லயும் எல்ஏ மாதிரி இல்ல. அட்லான்டாவுல வி-103ம், ஹூஸ்டன்ல மேஜிக் 102.1, 97.9 தி பாக்ஸ் ரெண்டும் பெரிய சிக்னல்ல தான் ஓடுது, அங்க அந்த ஆடியன்ஸை விட்டுட்டு யாரும் ஜெயிக்க முடியாது. போஸ்டன்ல நேர் எதிர், அங்க கறுப்பின மக்களோட வைல்ட் 1090 ஏஎம் பல வருஷம் பொழுது சாஞ்சா நிறுத்தியாகணும், லைசன்ஸே பகலுக்கு மட்டும் தான்.

கேஜேஎல்எச் மட்டும் தனி கதை. 1979ல இருந்து ஸ்டீவி வொண்டரோடது. எந்த கம்பெனியும் அதை சின்ன சிக்னல்ல ஒதுக்கி வைக்கல, அவங்களோட லைசன்ஸே அதுதான். காம்ப்டன், இங்கிள்வுட், தெற்கு எல்ஏ, அவங்க பேச வேண்டிய ஜனம் பெரும்பாலும் அந்த வட்டத்துக்குள்ள தான். 1992 கலவரத்தப்போ பாட்டை நிறுத்திட்டு ஜனங்களை போன்ல பேச விட்டாங்க, பீபடிங்கிற பெரிய ஒலிபரப்பு விருதே கெடச்சுது.

இனி உங்க வேலைக்கு வருவோம். கார்ல எச்டி ரேடியோ (டிஜிட்டல் ரேடியோ) இருந்தா சிக்னல் எல்லை ஓரத்துல எச்டியை ஆஃப் பண்ணுங்க, டிஜிட்டல் பவர் கம்மி, சீக்கிரம் அறுந்து அனலாக்குக்கு குதிச்சு குதிச்சு வரும், அந்த தொல்லை போகும். வீட்ல ஸ்டீரியோ ரிசீவர் இருந்தா மோனோ பட்டனை போடுங்க, இரைச்சல் நல்லாவே கொறையும். டி ஷேப் வயர் ஆன்டெனாவை வடக்கு பாத்த ஜன்னல்ல மாட்டுங்க, எல்ஏ உங்களுக்கு வடமேற்குல இருக்கு. 93.5க்கு ஒன்டாரியோ ஊர்ல இன்னொரு டிரான்ஸ்மிட்டர் அதே நம்பர்ல அதே ப்ரோக்ராம் அடிக்குது, கிழக்க போற அன்னைக்கு அது பிடிக்கும், நடுவுல ரெண்டும் மோதுற எடத்துல மட்டும் கொழப்பும். இர்வைன் வீட்டுக்குள்ள 102.3 தெளிவா வேணும்னா ஸ்ட்ரீமிங் தான் ஒரே வழி, ரெண்டு ஸ்டேஷனுக்கும் இருக்கு.